ஆலந்தூர் நகராட்சியின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மாநகராட்சியின் 12-ஆவது மண்டலமாக இன்று அறியப்படும் ஆலந்தூர், 2011-ஆம் ஆண்டு வரை தனக்கென ஒரு நகர்மன்றம், ஒரு தலைவர், ஓர் ஆணையர், தன் வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கொண்ட தனி நகராட்சியாக இருந்தது. அந்த நகராட்சி இருந்ததையே அறியாத இளைஞர்கள் இப்போது இங்கே குடியிருக்கிறார்கள். அதை நினைவில் வைத்திருப்பவர்களும் பல செய்திகளைக் கலந்து சொல்கிறார்கள். நான் நங்கநல்லூரில் வளர்ந்தவன். என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் கொண்டு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஆலந்தூர் நகராட்சியில் எந்தெந்தப் பகுதிகள் இருந்தன?

ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல், தில்லை கங்கா நகர் ஆகியவை முக்கியமானவை. கத்திப்பாரா சந்திப்புக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையையும் கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையையும் ஒட்டி இருபுறமும் பரவிய ஊர் அது. தலைமையிடத்தின் பெயர் ஆலந்தூர் என்றாலும், மக்கள்தொகையில் பெரும் பகுதி ரயில் பாதைக்குக் கிழக்கே ஆதம்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் இருந்தது. அதனால்தான் நங்கநல்லூர்க்காரர்கள் பலர், தாங்கள் ஒருகாலத்தில் “ஆலந்தூர் நகராட்சிக்கு” சொத்து வரி கட்டியவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

2001 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 1,46,154. 2011-இல் அது 1,64,430. நகர்மன்றத்தில் 42 வார்டுகள் இருந்தன. இந்த எண்ணைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பரங்கிமலை, கன்டோன்மென்ட், ஊராட்சி ஒன்றியம், நகராட்சி ஆகிய எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இந்தப் பகுதியின் வரலாற்றில் அதிகக் குழப்பம் விளைவிப்பது இதுவே. பரங்கிமலை என்றும் புனித தோமையார் மலை என்றும் அழைக்கப்படும் ஒரே மலையின் பெயரைச் சுற்றி மூன்று வகை உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன.

முதலாவது, புனித தோமையார் மலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் வாரியம். இது படைமுகாம் நிலங்களையும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளையும் நிர்வகிப்பது. ஒன்றிய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. மாநில அரசின் நகராட்சிச் சட்டம் இதற்குப் பொருந்தாது. 2011 இணைப்பின்போது இது மாநகராட்சிக்குள் கொண்டுவரப்படவில்லை.

இரண்டாவது, புனித தோமையார் மலை ஊராட்சி ஒன்றியம். பெயரில் மலை இருந்தாலும், இதன் கீழ் வருபவை தெற்கேயும் தென்கிழக்கேயும் உள்ள மேடவாக்கம், கோவிலம்பாக்கம் போன்ற கிராம ஊராட்சிகளே. மூன்றாவதுதான் ஆலந்தூர் நகராட்சி. ஒரே தெருவின் ஒரு முனையில் கன்டோன்மென்ட் குப்பை வண்டியும் மறுமுனையில் நகராட்சி வண்டியும் வந்த இடங்கள் உண்டு. பழைய பத்திரங்களைப் படிப்பவர்கள் “பரங்கிமலை” என்ற சொல்லைக் கண்டவுடன் அது எந்த அமைப்பைக் குறிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகராட்சிக்கு முன்பு இந்த ஊர் எப்படி இருந்தது?

மலைதான் இந்தப் பகுதியின் பழமைக்கு அடையாளம். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மலைமேல் தேவாலயம் எழுப்பினர். பறங்கியர் மலை என்பதே பரங்கிமலையானது. 1759-இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இதன் அடிவாரத்தில் போர் நடந்தது. பின்னர் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமை முகாம் இங்கே அமைந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவைக்கு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய இடமும் இம்மலையின் அருகிலேயே உள்ளது. மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான, ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டை, வெயிலில் அளவைச் சங்கிலி நீளும் அளவையும் கணக்கில் கொண்டு அளந்தார்கள். இமயம் வரை சென்ற ஒரு பெரும் அளவையின் முதல் கோடு நம் வீடுகளுக்குப் பக்கத்தில் போடப்பட்டது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

படைமுகாமுக்குப் பால், காய்கறி, தையல், சலவை, கூலியாட்கள் என்று எல்லாம் வேண்டியிருந்தன. அவற்றைத் தரும் கடைத்தெருவும் குடியிருப்பும் முகாமின் விளிம்பில் வளர்ந்தன. ஆலந்தூரின் பழைய தெருக்கள் நெருக்கமாகவும் வளைந்தும் இருப்பது இதனாலேயே. மாறாக நங்கநல்லூர் பிற்காலத்தில் மனை பிரித்து உருவான குடியிருப்பு. அங்கே தெருக்கள் நேர்கோட்டில் ஓடுகின்றன. அவற்றுக்குப் பெயருக்குப் பதில் எண்கள் இருக்கின்றன. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை இங்கே சாத்தியமானது. மீனம்பாக்கம் விமான நிலையமும் கிண்டித் தொழிற்பேட்டையும் வந்த பின் வயல்கள் மனைகளாக மாறும் வேகம் கூடியது.

நகராட்சி எந்தச் சட்டத்தின்படி இயங்கியது? தலைவருக்கு அதிகாரமா, ஆணையருக்கு அதிகாரமா?

1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே அடிப்படை. ஆலந்தூர் நகராட்சி இருந்த காலம் முழுவதும் அந்தச் சட்டமே நடைமுறையில் இருந்தது. 1998-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நீண்ட காலம் நிறுத்திவைக்கப்பட்டு 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்குள் ஆலந்தூர் நகராட்சியே இல்லாமற் போய்விட்டது.

நகர்மன்றம் தீர்மானிக்கும், ஆணையர் நிறைவேற்றுவார். வரி விகிதம், ஒப்பந்தம், புதிய பணி, கடன் ஆகியவை மன்றத்தின் முன் வைக்கப்பட்டுத் தீர்மானமாக வேண்டும். ஆணையர் மாநில அரசால் அனுப்பப்படும் அதிகாரி. ஊழியர்களும் கையெழுத்தும் அவரிடம் இருந்தன. ஆகவே ஒரு நகராட்சி நன்றாக நடந்ததா என்பது, தலைவரும் ஆணையரும் ஒத்துப்போனார்களா என்பதைப் பெரிதும் சார்ந்திருந்தது. வருவாயைப் பொறுத்தவரை சொத்து வரி முதன்மையானது; தொழில் வரி, காலிமனை வரி, பத்திரப் பதிவின்போது வசூலாகும் கூடுதல் தீர்வையில் பங்கு, அரசு மானியம் ஆகியவை அதனுடன் சேர்ந்தன.

தேர்தல்கள் ஒழுங்காக நடந்தனவா?

நடக்கவில்லை, இதில் ஆலந்தூர் விதிவிலக்கும் அல்ல. தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்கும் அரசு நியமித்த தனி அலுவலர் ஆண்ட ஆண்டுகளின் எண்ணிக்கைக்கும் பெரிய வேறுபாடு இல்லாத காலம் ஒன்று இருந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் 1986-இல் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் முடிந்த பின் மீண்டும் வெற்றிடம். 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக் காலத்தை உறுதிசெய்தது. அதன் வழியே 1996 அக்டோபரில் தேர்தல் நடைபெற்றது. தொடர்ந்து 2001, 2006 ஆகிய ஆண்டுகளிலும் நடந்தது.

1996-இலும் 2001-இலும் நகர்மன்றத் தலைவரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஊர் முழுவதும் வாக்குப் பெற்று வந்த தலைவர் ஒருவர் வீட்டுக்கு வீடு போய் “பணம் கொடுங்கள்” என்று கேட்க முடிந்ததற்கும் அந்த நேரடித் தேர்தலுக்கும் தொடர்பு உண்டு என்றே நான் கருதுகிறேன். அந்தக் கதை அடுத்து வருகிறது.

ஆலந்தூர் என்றால் எல்லோரும் பாதாள சாக்கடைத் திட்டத்தைச் சொல்கிறார்களே, ஏன்?

சொல்லத்தான் வேண்டும். இந்த நகராட்சி இந்திய நகராட்சி வரலாற்றில் இடம்பெறும் காரணம் அதுதான்.

முதலில் அதற்கு முந்தைய நிலை. சென்னை மாநகராட்சியின் எல்லைக்கு உள்ளே பாதாள சாக்கடை இருந்தது. எல்லையைத் தாண்டியதும் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க். அது நிறைந்ததும் கழிவுநீர் லாரியை அழைக்க வேண்டும்; லாரி எடுத்துச் சென்றதை எங்கே கொட்டியது என்று யாரும் கேட்கவில்லை. குளியலறை, சமையலறைத் தண்ணீர் தெருவோர வாய்க்காலுக்குப் போனது. எங்கள் வீட்டின் பின்புறத்தில் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே இருந்த தூரத்தை என் தந்தை ஒருநாள் கயிறு கட்டி அளந்தார்: பன்னிரண்டு அடி. அன்று மாலை முதல் கிணற்று நீரைக் குடிக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் வந்தது. எங்கள் தெருவில் எல்லா மனைகளும் ஒரே அளவு. ஆகவே எல்லா வீடுகளிலும் தூரமும் ஏறக்குறைய அதேதான்.

1996-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம், ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்தபோது, இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தது. மொத்த மதிப்பு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். அன்றைய மக்கள்தொகைக்கு வகுத்தால் தலைக்கு 2,300 ரூபாய்க்கு மேல் வரும். ஒரு புறநகர் நகராட்சி தன் வரி வருவாயை மட்டும் நம்பி இதைத் தொடங்கவே முடியாது. அரசு மானியத்துக்குக் காத்திருந்தால் எப்போது வரும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே மூன்று ஊற்றுகளைச் சேர்த்தார்கள்: தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன், அரசின் உதவி, மக்களின் வைப்புத்தொகை.

மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது உண்மைதானா? அதுவும் குழாய் பதிப்பதற்கு முன்பே?

உண்மை. வீடுகளுக்கு 5,000 ரூபாய். வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய். இணைப்பு வந்த பின் மாதக் கட்டணமும் உண்டு என்று முதலிலேயே சொல்லப்பட்டது. வீடுகளுக்கு அது மாதம் 150 ரூபாய் என்ற அளவில் திட்டமிடப்பட்டது. 1990-களின் இறுதியில் 5,000 ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை.

அரசாங்கம் இலவசமாகச் செய்து தர வேண்டிய வேலைக்கு நாம் ஏன் முன்பணம் கட்ட வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்காமல் விட்டுவிட்டால் யாரைப் பிடிப்பது என்ற அச்சமும் இருந்தது. இதற்கு நகராட்சி தந்த விடை மூன்று பகுதிகளைக் கொண்டது. வார்டு வார்டாகக் கூட்டம் போட்டுக் கணக்கை விளக்கினார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களைத் துணைக்கு அழைத்தார்கள். வைப்புத்தொகையை அன்றாடச் செலவோடு கலக்காமல் தனியாக வைத்தார்கள். எனக்கு இவற்றுள் மூன்றாவது மிக முக்கியமாகத் தோன்றுகிறது. தான் கொடுத்த பணம் தெருவிளக்குக்கோ சம்பளத்துக்கோ போய்விடாது என்ற உறுதி கிடைத்தால் மனிதர்கள் கையைத் திறக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு. திட்டத்தின் இலக்கு ஏறத்தாழ 23,700 இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் என்று வைத்தாலே 12 கோடிக்கு அருகில் வருகிறது. அதாவது 34 கோடியில் மூன்றில் ஒரு பங்கு. “மக்கள் பங்களிப்பு” என்ற சொல் அரசு அறிக்கைகளில் பல நேரம் அலங்காரமாக வந்து போகும். இங்கே அதற்கு இரசீது இருந்தது.

அந்த இரசீது எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. வெளிறிய தாள், மடிப்பில் கிழிந்த இடத்தில் பின்புறம் ஒட்டுத்தாள். என் தாய் அதை ரேஷன் அட்டையும் வீட்டுப் பத்திரத்தின் நகலும் உள்ள அதே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியில் இடம் பிடிப்பது எளிதன்று.

திட்டத்தில் தனியாரின் பங்கு என்ன? நகராட்சி சாக்கடையைத் தனியாருக்கு விற்றுவிட்டதா?

விற்கவில்லை. வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தெருக்களின் கீழ் குழாய் பதிக்கும் பணி வழக்கமான ஒப்பந்த முறையில் நடந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஆலந்தூரிலிருந்து மதுரை போகும் தூரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவும் ஒரு சிறு நகராட்சியின் தெருக்களுக்கு அடியில். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் மட்டும் கட்டி, இயக்கி, பின் ஒப்படைக்கும் முறையில் ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனமும் வா டெக் வபாக் நிறுவனமும் சேர்ந்த கூட்டமைப்பிடம் 14 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. நிலையம் பெருங்குடியில் அமைந்தது. அதன் திட்டமிட்ட திறன் நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர். அதை இரண்டு சம பகுதிகளாகக் கட்டுவதென்று ஏற்பாடு. நிறுவனம் தன் பணத்தைப் போட்டுக் கட்டும். சுத்திகரிக்கும் அளவுக்கேற்ப நகராட்சி கட்டணம் செலுத்தும். காலம் முடிந்ததும் நிலையம் பொதுச் சொத்தாகும்.

இந்தியாவின் நகராட்சித் துறையில் அரசு–தனியார் கூட்டு முறைக்கு முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இது இன்றும் குறிப்பிடப்படுகிறது. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் நிதி ஏற்பாட்டைப் பற்றி அதிகம் எழுதினார்கள். நிதி ஏற்பாடு முக்கியந்தான். ஆனால் அந்தத் திட்டம் நின்றது, வார்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டவருக்கு மறுநாள் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு கவுன்சிலர் இருந்ததால்தான்.

பணி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது?

2000-ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கி, 2005-இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தெருக்கள் தோண்டிக் கிடந்தன. மழைக்காலத்தில் பள்ளி வாகனங்கள் தெருமுனையிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைமேல் நடந்து வருவார்கள். தெருவுக்கு அடியில் ஆழத்தில் குழாய் போடும் எந்த ஊரும் இதைக் கடந்தே ஆக வேண்டும். இணைப்புக் கொடுத்த நாளன்று, செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து மணல் கொட்டி மூடினார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இப்போது ஒரு கருவேப்பிலை மரம் நிற்கிறது.

அவ்வளவு நன்றாக நடந்த நகராட்சியை ஏன் சென்னையோடு இணைத்தார்கள்?

ஆலந்தூர் நன்றாக நடந்ததா இல்லையா என்பது அந்த முடிவில் ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை. சென்னை தன் எல்லையைத் தாண்டிப் பல ஆண்டுகளாக வளர்ந்துவிட்டிருந்தது. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். அதற்கு வெளியே, கண்ணுக்கு வேறுபாடே தெரியாமல், நகரம் தொடர்ந்தது. குப்பைக் கிடங்கும் வெள்ள வடிகாலும் சாலையும் ஓர் உள்ளாட்சியின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே சுற்றியுள்ள 42 உள்ளாட்சிகளை இணைக்க அரசு முடிவுசெய்தது: 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள்.

அந்த ஒன்பது நகராட்சிகள்: ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், மதுரவாயல், வளசரவாக்கம், உள்ளகரம்–புழுதிவாக்கம். இணைப்பு 2009-இல் முடிவாகி, 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் முடிந்த 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பரப்பு 426 சதுர கிலோமீட்டராகவும், மண்டலங்கள் 10-லிருந்து 15-ஆகவும், வார்டுகள் 155-லிருந்து 200-ஆகவும் உயர்ந்தன. பழைய ஆலந்தூர் நகராட்சியோடு நந்தம்பாக்கம், மீனம்பாக்கம், முகலிவாக்கம், மணப்பாக்கம் ஆகிய பகுதிகளைச் சேர்த்து 12-ஆவது மண்டலம் உருவானது. அதன் வார்டுகள் 156 முதல் 167 வரை. பக்கத்தில் இருந்த உள்ளகரம்–புழுதிவாக்கம் 14-ஆவது மண்டலமான பெருங்குடிக்குப் போனது.

இணைப்பால் மக்களுக்கு லாபமா, நட்டமா?

இரண்டும் உண்டு என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எனவே எதில் லாபம், எதில் நட்டம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

பொறியியல் வலிமை, பெரிய இயந்திரங்கள், பெருந்திட்டங்களுக்கு நிதி பெறும் தகுதி ஆகியவற்றில் மாநகராட்சிக்கு ஈடாக ஒரு நகராட்சி நிற்க முடியாது. குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்புக்கு வந்தன. 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் உள்ள மணப்பாக்கமும் முகலிவாக்கமும் மூழ்கியபோது, அவை சிறு ஊராட்சிகளாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வடிகால் என்பது ஆற்றுப்படுகையின் அளவில் திட்டமிட வேண்டிய பணி.

நட்டம் பிரதிநிதித்துவத்தில். முன்பு சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகையை 42 வார்டுகளுக்கு வகுத்தால், ஒரு கவுன்சிலருக்கு ஏறத்தாழ 3,900 பேர். விரிந்த மாநகராட்சியின் மக்கள்தொகை அதே கணக்கெடுப்பில் சுமார் 66.7 லட்சம், அதை 200-க்கு வகுத்தால் ஒரு கவுன்சிலருக்கு 33,000-க்கு மேல். எட்டு மடங்குக்கும் அதிகம். 3,900 பேர் என்றால் ஏறத்தாழ ஆயிரம் வீடுகள். ஒருவர் சில வாரங்களில் எல்லா வாசல்களிலும் ஏறி இறங்கலாம். 33,000 பேரை ஒருவர் அறிந்திருக்க முடியாது. அது அவருடைய குறையும் அன்று.

அதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல், ஆலந்தூர்க்காரர்களுக்கு எட்டு மடங்கு தொலைவில் இருந்த கவுன்சிலர்கூட இல்லை. 2022-க்குப் பின் வார்டுக் குழுக்களும் பகுதிச் சபைகளும் விதிகளின் மூலம் ஏற்படுத்தப்பட்டன. பகுதிச் சபைக் கூட்டம் நடக்கிறது என்று அறிவிப்பு வந்தால் போய் உட்காருங்கள். பழைய வார்டுக் கூட்டத்தின் இடத்தில் நமக்கு இப்போது இருப்பது அதுவே.

ஆலந்தூர் எந்த மாவட்டத்தில் இருந்தது?

முதலில் செங்கல்பட்டு மாவட்டத்தில். 1997-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2011-இல் மாநகராட்சிக்குள் வந்த பின்னும் வருவாய் நிர்வாகத்தில் காஞ்சிபுரமே தொடர்ந்தது. சென்னை மாவட்டத்தின் எல்லை மாநகராட்சியின் எல்லைக்கு ஏற்ப விரிவாக்கப்பட்ட 2018-இல்தான் ஆலந்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஏழு ஆண்டுகள் குப்பைக்குச் சென்னை, பட்டாவுக்குக் காஞ்சிபுரம் என்று இருந்தோம்.

எம்.ஜி.ஆர். ஆலந்தூர் தொகுதியில் நின்றாரா?

அவர் 1967-இலும் 1971-இலும் வென்றது பரங்கிமலைத் தொகுதியில். 1967 ஜனவரியில் இராமாவரம் தோட்டத்தில் சுடப்பட்டு, மருத்துவமனையில் இருந்தபடியே அவர் முதல் வெற்றியைப் பெற்றார். ஆலந்தூர் என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதி பிற்காலத்தில் வந்தது. சட்டமன்றத் தொகுதியின் எல்லையும் நகராட்சியின் எல்லையும் எப்போதும் வேறு வேறு.

நகராட்சி மறைந்த பின் ஆலந்தூர் என்ற பெயர் எங்கெல்லாம் இருக்கிறது?

12-ஆவது மண்டலம், வருவாய் வட்டம், சட்டமன்றத் தொகுதி ஆகியவற்றில் இருக்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்திலும் இருக்கிறது. 2015 ஜூன் 29-இல் சென்னை மெட்ரோவின் முதல் ஓட்டமே கோயம்பேடு–ஆலந்தூர் இடையேதான். இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கும் நிலையம் என்பதால், இந்த ஊருக்கு வராதவர்களும் இன்று அறிவிப்பில் இந்தப் பெயரைக் கேட்கிறார்கள்.

ஆலந்தூர் மீண்டும் தனி உள்ளாட்சியாக முடியுமா?

எல்லைகளை மாற்றும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. ஆனால் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. ஆவடி 2019-இல் மாநகராட்சியானது. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. புறநகர் நகராட்சி என்ற வகையே சென்னையைச் சுற்றிக் குறைந்து வருகிறது.

பழைய நகராட்சியின் ஆவணங்களை வைத்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

எதையும் எறியாதீர்கள். நகராட்சியின் சொத்துகளும் பொறுப்புகளும் பதிவேடுகளும் மாநகராட்சிக்குச் சென்றன. ஆகவே பழைய கட்டட அனுமதி, சொத்து வரி எண், பிறப்பு, இறப்புப் பதிவு தொடர்பான கேள்விகளுடன் முதலில் அணுக வேண்டிய இடம் மண்டல அலுவலகம். பழைய வரி இரசீதில் உள்ள வார்டு எண் இன்றைய எண்ணோடு பொருந்தாது. 42 வார்டுகளில் ஒன்றின் எண் அது. தெருப் பெயர், கதவு எண், பழைய வரி எண் மூன்றையும் ஒன்றாக எழுதிக்கொண்டு போனால் தேடுவது எளிதாகும்.

அலுவலகத் தேவைக்கு அப்பாலும் இவற்றுக்கு மதிப்பு உண்டு. வைப்புத்தொகை இரசீதுகள், வார்டுக் கூட்ட அறிவிப்புகள், நலச் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள், குழாய் பதிக்கும்போது எடுத்த படங்கள் ஆகியவை வீடுகளில் பிரிந்து கிடக்கின்றன. இவற்றை வைத்திருக்கும் பெரியவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு படமெடுத்து, பின்புறத்தில் ஆண்டையும் தெருவையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.